75 எல்பிஐ லென்ஸ் ஷீட்: எந்த டிஜிட்டல் மெஷினில் ஓடும், எதில் ஓடாது

ஒரு பக்கம் சாய்த்தால் பிள்ளையார், மறுபக்கம் சாய்த்தால் முருகன். கோயில் வாசல் கடைகளில் தொங்கும் அந்த வரிவரியான பிளாஸ்டிக் படம்தான் லென்டிகுலர். நகத்தால் குறுக்கே கீறினால் சர்ரென்று சத்தம் வரும். ஒவ்வொரு வரியும் மெல்லிய, நீளமான ஒரு லென்ஸ். பின்பக்கம் வழவழப்பாக இருக்கும். அச்சு விழுவது அங்கேதான், அதுவும் இடவலம் திருப்பி.

ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் ஆஃப்செட்டில் கட்டுப்படியாகும். ஐம்பது, நூறு பீஸ் கேட்டு வருபவருக்கு டிஜிட்டல்தான் வழி. பெரும்பாலும் பணம் வீணாவது இங்கேதான். முதலில் ஷீட்டை வாங்கிவிட்டு, பிறகு எந்த மெஷினில் ஓட்டலாம் என்று தேடுகிறார்கள். நடக்க வேண்டியது நேரெதிர். மெஷின் எந்தத் தடிமனை விழுங்கும், எவ்வளவு சூடு கொடுக்கும், ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி வைக்கும் என்ற மூன்றும் தெரிந்தபின்தான் லென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சந்தையில் அதிகம் கேட்கப்படும் 75 எல்பிஐ (ஓர் அங்குலத்துக்கு 75 லென்ஸ்), 18 மில் தடிமனுள்ள பெட் (PET) பிளாஸ்டிக் ஷீட்டைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தடிமன் கிட் (தடித்த ஷீட்டை ஓட்டுவதற்கான கூடுதல் பாகம்) பொருத்திய ஹெச்பி இண்டிகோ, அதாவது திரவ மையில் அடிக்கும் டிஜிட்டல் மெஷின், இருந்தால் தயங்காமல் வாங்கலாம். யூவி ஃபிளாட்பெட் (ஷீட்டை மேசையில் பரப்பி அடித்து, புற ஊதா விளக்கொளியில் இங்க்கை உறையவைக்கும் மெஷின்) மட்டும் இருந்தால் இதை விட்டுவிட்டு 40 எல்பிஐ எடுங்கள். பவுடர் டோனர் (பொடி மை) மெஷின்தான் இருக்கிறது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஷீட்டைப் பற்றி

75 எல்பிஐ ஷீட்டில் ஒரு லென்ஸின் அகலம் 0.339 மி.மீ. தடிமன் 18 மில், அதாவது 457 மைக்ரான். இந்த 'மில்' என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீட்டர் அல்ல. ஃபோனில் 'பதினெட்டு மில்' என்று ஆர்டர் சொல்லும்போது எதிர்முனையில் இருப்பவர் எதைக் குறித்துக்கொள்கிறார் என்று நிச்சயமில்லை. மைக்ரானில் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

எல்பிஐயும் தடிமனும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. லென்ஸ் வழியாகப் போகும் ஒளி சரியாகப் பின்பரப்பில் குவிய வேண்டும். லென்ஸ் குறுகினால் குவிதூரமும் குறையும், ஷீட்டும் மெலியும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள பேகர் நிறுவனம் தயாரிக்கும் லென்ஸ்டார் வரிசை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் பொதுவான அளவுகளை வைத்துப் பார்த்தால் 100 எல்பிஐ 14 மில் (356 மைக்ரான்), 75 எல்பிஐ 18 மில், 40 எல்பிஐ 33 மில் (838 மைக்ரான்). எல்பிஐயைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணமே தடிமனையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். தடிமன் முடிவானால் மெஷினும் முடிவாகிவிடுகிறது.

75 எல்பிஐயின் பார்வைக் கோணம் ஏறக்குறைய 49 பாகை. படம் மாறும் ஃபிளிப்புக்கும் போதும், மிதமான 3டிக்கும் போதும். எல்லாவற்றுக்கும் நடுத்தரமாக உதவும் ஷீட் என்ற பெயர் இதற்குக் கிடைத்தது இதனால்தான். ஒன்றை மறக்கக் கூடாது: 3டிக்கு லென்ஸ் வரிகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், ஃபிளிப்புக்குக் கிடைமட்டமாக. ஃபிளிப்பில் வரிகளை நெட்டாக விட்டால் இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு வேறு படம் தெரியும். பார்ப்பவருக்குக் கண் கூசும்.

இண்டிகோவில்

இண்டிகோ 7000 வரிசை மெஷின்கள் சாதாரணமாக 400 மைக்ரான் வரை எடுக்கும். தடிமன் கிட் போட்டால் 460 மைக்ரான். நம் ஷீட் 457. இடையில் இருப்பது வெறும் 3 மைக்ரான்! எந்த ஷீட்டும் முழுப் பரப்பிலும் ஒரே தடிமனில் வருவதில்லை. எனவே பேக்கெட்டைப் பிரித்ததும் மைக்ரோமீட்டரை எடுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து, 460-ஐத் தாண்டியதைத் தனியே ஒதுக்குங்கள். மைக்ரோமீட்டரின் தட்டையான முகம் ஒரே சமயத்தில் பல லென்ஸ் முகடுகளின் மேல் உட்காரும் என்பதால் கிடைப்பது உச்சித் தடிமன்தான். மெஷினுக்கும் அதுதான் கணக்கு. அந்த அளவையே மெஷினின் சப்ஸ்ட்ரேட் (அச்சாகும் ஷீட்) செட்டிங்கில் பதியுங்கள். குறைத்துப் பதிந்தால் பிளாங்கெட் (மையை ஷீட்டுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) தேவைக்கு மேல் நசுங்கும், அதன் ஆயுள் குறையும். கூட்டிப் பதிந்தால் இங்க் முழுதாக இறங்காது, திட்டுத்திட்டாக வெளுப்பு தெரியும்.

வெறும் பெட் பரப்பில் இண்டிகோவின் திரவ மையான எலக்ட்ரோஇங்க் ஒட்டாது. இண்டிகோவுக்கென்று பிரைமர் (மை ஒட்ட உதவும் அடிப்பூச்சு) பூசியே வரும் லென்ஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பிரைமர் யூனிட் உள்ள மெஷினில் ஓட்டுங்கள். பிரைமர் நாளாக ஆக வலுவிழக்கும். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் ஒரு ஷீட்டில் கருப்பு சாலிட் (இடைவெளியில்லாத முழு நிறம்) அடித்து, கால் மணி நேரம் விட்டு, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று உரித்துப் பாருங்கள். டேப்பில் கருப்பு வந்தால் அந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வேண்டாம்.

ஃபீடரில் வழவழப்பான பக்கம் மேலே வருமாறு வையுங்கள். உறிஞ்சும் கப்புகள் அந்தப் பக்கத்தைத்தான் இறுகப் பிடிக்கும். வரிப் பக்கத்தில் பள்ளங்கள் வழியே காற்று கசிந்துவிடும். ஸ்டாடிக் எனும் நிலைமின்சாரம்தான் பெரிய தொல்லை. ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டாக இழுபட்டால் 914 மைக்ரான் உள்ளே போய்விடும், பிளாங்கெட் அதோடு போச்சு. கட்டாக அடுக்காமல், ஒவ்வொன்றாக விசிறிப் பிரித்து, நிலைமின்சாரத்தைப் போக்கும் அயனைசர் இருந்தால் காட்டி, பத்துப் பதினைந்து ஷீட்டாக வைத்து ஓட்டுவதே நல்லது.

ஒன் ஷாட் வசதி உள்ள மாடல் கிடைத்தால் லென்ஸுக்கு அதைப்போல வேறில்லை. வழக்கமான முறையில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஷீட்டுக்கு இறங்கும். ஷீட் சூடான பிளாங்கெட்டை நான்கு முறை தொடும். ஒன் ஷாட்டில் எல்லா நிறங்களும் பிளாங்கெட்டிலேயே சேர்ந்து, ஒரே தடவையில் இறங்குகின்றன. ஷீட்டுக்கு ஏறும் சூடு குறையும், நிறங்களுக்கிடையே விலகலும் வராது. லென்ஸ் என்பது பூதக்கண்ணாடி. சாதாரண ஆர்ட் பேப்பரில் கண்ணுக்குப் படாத அரைப்புள்ளி விலகல் இங்கே ஓரத்தில் வண்ண நிழலாக எழுந்து நிற்கும்.

நிறங்கள் முடிந்ததும் பின்னால் வெள்ளை வேண்டும். ஒரே பூச்சு வெள்ளையில் மேசையின் நிறம் ஊடுருவித் தெரியும். இரண்டு பூச்சு போட்டால் கையில் வைத்துப் பார்க்கும் கார்டுக்குப் போதும். ஒவ்வொரு பூச்சுக்கும் கிளிக் கணக்கு (அச்சுத் தடவைக்கான கட்டணம்) ஏறுவதால், சின்ன ஆர்டருக்கு வெள்ளை ஸ்டிக்கர் வினைலைப் பின்னால் ஒட்டிவிடுவது மலிவாக முடியும். வெட்டும் முன்பே ஒட்டுங்கள். ஜாப் முடிந்ததும் ஷீட்டைத் தாங்கும் உருளையின் மேல் சுற்றியிருக்கும் இம்ப்ரஷன் பேப்பரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்; லென்ஸ் வரிகள் பதிந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் அடுத்த ஜாப்.

பிட்ச் டெஸ்ட்

பிட்ச் என்பது லென்ஸுக்கு லென்ஸ் உள்ள இடைவெளி; அதை எல்பிஐ எண்ணில் சொல்வது வழக்கம். அதைச் சோதித்துப் பார்க்காமல் எவ்வளவு நல்ல ஷீட்டாக இருந்தாலும் குப்பைதான். ஸ்டிக்கரில் 75 என்று போட்டிருந்தாலும் உங்கள் மெஷினில், உங்கள் அறைச் சூட்டில் அது 74.9 ஆகவோ 75.1 ஆகவோ நிற்கலாம். 0.1 தானே என்று விட முடியாது. இண்டிகோவின் அதிகபட்ச அச்சு நீளம் 464 மி.மீ.; அதற்குள் 1,370 லென்ஸ் இருக்கிறது. 0.1 பிசகினால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் கிட்டத்தட்ட இரண்டு லென்ஸ் விலகல். படம் மாறுவதற்குப் பதிலாக, மாறிய படமும் மாறாத படமும் பட்டை பட்டையாக ஓடும்.

டெஸ்ட் சார்ட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரப் பட்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கருப்பு, வெள்ளைக் கோடுகள் மாறிமாறி வரும், ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு எல்பிஐ அளவில். முதல் சுற்றில் 74.50 முதல் 75.50 வரை 0.05 இடைவெளியில் 21 பட்டை. உண்மையான லென்ஸிலேயே அடித்து, வெள்ளையும் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாடிக்கையாளர் பார்க்கப்போகும் தூரத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். எந்தப் பட்டை முழுநீளமும் ஒரே நொடியில் கருப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவுகிறதோ அதுதான் உங்கள் பிட்ச். அதன் மேலும் கீழும் உள்ள பட்டைகளில் கருப்பு வெள்ளை அலை ஒன்று, இரண்டு என்று கூடிக்கொண்டே போவதைக் காணலாம். பிறகு அந்த எண்ணைச் சுற்றி 0.01 இடைவெளியில் இரண்டாம் சுற்று.

ஷீட்டின் நீளவாக்கில் எடுத்த எண் அகலவாக்குக்குப் பொருந்தாது. தடித்த ஷீட் உருளையைச் சுற்றி வளையும்போது வெளிப்பரப்பு கொஞ்சம் நீளும். அந்த நிலையில் அச்சாகி, நிமிர்ந்ததும் சுருங்கும். எனவே ஓட்டப்போகும் திசையிலேயே டெஸ்ட் எடுங்கள். லென்ஸ் வரிகள் உருளையின் சுழல் அச்சுக்கு இணையாக இருந்தால் பள்ளங்களில் ஷீட் சுலபமாக வளையும். குறுக்காக இருந்தால் ஒவ்வொரு முகடும் ஓர் உத்தரம்போல விறைத்து நிற்கும், ஷீட்டின் வால் உருளையை விட்டு எழும்பும்.

விசிட்டிங் கார்டு அடிப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன டெஸ்டில் கிடைப்பது பார்வை பிட்ச். பார்க்கும் தூரத்தைப் பொறுத்தது. 40 செ.மீ. தூரத்தில் பார்க்கும்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பிட்ச், லென்ஸின் நிஜ பிட்ச்சைவிட 0.07 சதவீதம் அகலம். 75.00 லென்ஸுக்கு 74.95 என்று வரும். முழு ஷீட்டையும் ஒரே போஸ்டராக விற்பதென்றால் அதுதான் சரி. ஆனால் ஒரு ஷீட்டில் 24 கார்டு அடுக்கி இதே எண்ணில் அடித்தால், 464 மி.மீ. நீளத்துக்குள் ஒரு முழு லென்ஸ் அளவுக்கு வித்தியாசம் சேரும். வெட்டி எடுத்தபின் நடுவில் இருந்த கார்டு நேராகப் பார்க்கும்போது முதல் படத்தைக் காட்டும், ஓரத்தில் இருந்த கார்டு இரண்டாம் படத்தைக் காட்டும். ஒரே ஆர்டரில் இரண்டு விதமான கார்டு. இப்படி ஒரே ஷீட்டில் பலவற்றை அடுக்கும் கேங் ஜாபுக்கு நிஜ பிட்ச்சையே பயன்படுத்துங்கள். அதே சார்ட்டை மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அந்த எண் ஏறக்குறைய கிடைத்துவிடும். ஒரு கார்டின் குறுகிய அகலத்துக்குள் பார்வை பிட்ச் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

சூட்டையும் கவனியுங்கள். பெட் பிளாஸ்டிக் 10 பாகை செல்சியஸ் ஏறினால் 464 மி.மீ. நீளத்தில் சுமார் 0.3 மி.மீ. நீளும். நம் லென்ஸ் அகலம் 0.339. கோடையில் வேனிலிருந்து இறக்கிய ஷீட் கட்டை நேராக ஏசி அறைக்குக் கொண்டுவந்து ஓட்டினால், காலையில் எடுத்த பிட்ச் மதியத்துக்கு உதவாது. ஒரு நாள் முழுக்க மெஷின் அறையிலேயே கிடக்கட்டும்.

புள்ளிக் கணக்கும் ஸ்கிரீனும்

இண்டிகோவின் அடிப்படை ரெசல்யூஷன் 812.8 டிபிஐ. 75-ஆல் வகுத்தால் ஒரு லென்ஸுக்கு 10.8 புள்ளி. இரண்டு படம் மாறும் ஃபிளிப்புக்குத் தலைக்கு ஐந்து புள்ளி, தாராளம். 3டிக்கு 10 ஃபிரேமுக்கு (ஒவ்வொரு லென்ஸின் கீழும் வரிவரியாகச் சேர்க்கும் படங்கள்) மேல் கொடுத்தால் அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். 24 ஃபிரேம் அனுப்பினால் இன்னும் அழகாக வரும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

அதைவிட முக்கியம் ஸ்கிரீன், அதாவது நிறத்தை ஹாஃப்டோன் எனும் சிறு புள்ளிகளாகப் பிரிக்கும் முறை. 175 லைன் ஸ்கிரீனில் அடித்தால் ஒரு லென்ஸுக்குள் இரண்டேகால் ஹாஃப்டோன் புள்ளிதான் விழும். நுணுக்கம் போவதோடு, ஸ்கிரீனும் லென்ஸும் மோதி மொய்ரே எனும் அலை அலையான கோலமும் எழும். மெஷின் தரும் மிக உயர்ந்த ஸ்கிரீனையோ, ஒழுங்கற்ற புள்ளிகளைத் தரும் ஸ்டோகாஸ்டிக் முறையையோ தேர்ந்தெடுங்கள். ஃபைலை டிஃப்பாகக் கொடுங்கள்; ஜேபெக் வரிகளை மழுக்கிவிடும். ஃபைலை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருளான ரிப்பில் 'பக்க அளவுக்குப் பொருத்து' என்பதை அணைத்து, நூறு சதவீதத்தில் வையுங்கள். பிட்ச் டெஸ்டில் சேர்த்த துல்லியம் முழுவதும் அந்த ஒரு டிக்கில் போய்விடும். எழுத்துகளைக் கருப்பு நிறத்தில் மட்டும் வையுங்கள், நான்கு நிறக் கலவையில் வேண்டாம்.

படத் தேர்வும் ஷீட்டின் திறனுக்குள்தான். வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து, அதே இடத்தில் அடுத்த படத்தில் வெறும் வெள்ளை என்று இருந்தால், எந்த லென்ஸிலும் பேய் நிழல் (ஒரு படத்தில் மற்றது மங்கலாகத் தெரிவது) விழும். இரண்டு படங்களுக்கும் பின்னணி ஒன்றாகவும் நடுத்தர அடர்த்தியாகவும் இருந்தால் அதே ஷீட் பளிச்சென்று மாறும்.

இண்டிகோவில் தடிமன் கிட் இல்லாதவர்களுக்கு 100 எல்பிஐ ஆசை காட்டும். 356 மைக்ரான், கிட் இல்லாமலேயே போகும். தொட்டால் வழுவழுவென்று நேர்த்தியாகவும் இருக்கும். ஆனால் லென்ஸுக்கு எட்டுப் புள்ளிதான், பிட்ச் பிசகைப் பொறுக்கும் அளவும் அதற்கேற்பக் குறைவு. எளிய இருபட ஃபிளிப் கார்டுக்கு நல்லது. 3டிக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

மற்ற மெஷின்களில்

பவுடர் டோனர் மெஷினில் இந்த ஷீட் ஏன் வேண்டாம் என்றால், டோனரை உருக்கும் ஃப்யூசரின் சூடு 150 பாகைக்கு மேல். பெட் வகை பிளாஸ்டிக் 80 பாகைக்கு முன்பின்னாகவே இளகத் தொடங்கும். முகடுகள் தட்டையாகும், ஷீட் சுருளும், மோசமான நேரமென்றால் ஃப்யூசர் ரோலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். தப்பி வெளியே வந்தாலும், அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைத் தாண்டி மின்புலம் டோனரை இழுக்கத் திணறுவதால் சாலிட் பகுதிகள் மணல் தூவியதுபோல் இருக்கும்.

யூவி ஃபிளாட்பெட்டில் தடிமனும் சூடும் தடையில்லை. 75 எல்பிஐ ஓடும். ஆனால் 720 டிபிஐயில் லென்ஸுக்கு 9.6 புள்ளி என்ற கணக்கு காகிதத்தில்தான்; யூவி துளி விழுந்த இடத்தில் பரவுவதால் அதில் பாதிகூடப் பிரிந்து தெரியாது. அந்த மெஷினின் பலம் தடித்த ஷீட்தான். 40 எல்பிஐயில் 18 புள்ளி கிடைக்கும், 20 எல்பிஐயில் 36. சுவர் போஸ்டருக்கும் கடை டிஸ்ப்ளேவுக்கும் அங்கேதான் உண்மையான ஆழம் வரும். பெரிய அளவில் பார்வை பிட்ச் கட்டாயம். 33 மில் 40 எல்பிஐ ஷீட்டில் 60 செ.மீ. போஸ்டரை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் 40.00 அல்ல, 39.98. விட்டுவிட்டால் நடுவில் சரியாக இருக்கும்போதே ஓரத்தில் அடுத்த படம் எட்டிப்பார்க்கும்.

வரிப் பக்கம் மேசையில் படும்போது வேக்குவம் பள்ளங்கள் வழியே கசியும். நான்கு ஓரத்தையும் டேப்பால் அடையுங்கள். ஒரே திசையில் அடிக்கும் யூனிடைரக்ஷனல் முறையில் வையுங்கள், நேரம் இரட்டிப்பானாலும் பரவாயில்லை. தெளிந்த பிளாஸ்டிக்கில் விளக்கொளி பட்டுத் திரும்பி, இங்க் வெளிவரும் துளையான நாசிலிலேயே இங்க்கை உறையவைக்கக்கூடும் என்பதால் இடையிடையே நாசில் செக் எடுங்கள்.

ஃபோட்டோ இங்க்ஜெட்டில் தாளில் அடித்து லென்ஸைப் பிறகு ஒட்டும் முறை, ஒன்றிரண்டு மாதிரி காட்டுவதற்கு மட்டும். தாள் ஈரத்தில் நீளும், லேமினேட்டரில் இழுபடும்.

வாங்கும்போதும் வெட்டும்போதும்

கடையில் கேட்க வேண்டியவை நான்கு: பெட்டா வேறு பிளாஸ்டிக்கா, பிரைமர் பூசியதா, எல்லாம் ஒரே லாட்டா, லென்ஸ் வரிக்கு இணையாக ஓரம் வெட்டப்பட்டதா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள். 480 மி.மீ. நீளத்தில் ஓரம் 0.34 மி.மீ. சாய்ந்திருந்தால், அதாவது ஒரு பாகையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் ஒரு முழு லென்ஸ் விலகிவிடும். படம் மாறும்போது மூலைவிட்டமாகத் திரை விலகுவதுபோல் தெரியும். ஃபிளாட்பெட்டில் ஷீட்டைக் கையால் நகர்த்திச் சரிசெய்யலாம். ஷீட் ஃபீடர் மெஷினுக்கு ஓரம்தான் ஒரே ஆதாரம். ஃபைலை அதே கோணத்துக்குச் சுழற்றித் தப்பிக்கலாம் என்றாலும், எல்லா ஷீட்டும் ஒரே சாய்வில் இருந்தால்தான் அது நடக்கும். ஆர்டர் அளவுக்கு மேல் டெஸ்டுக்கென்று பத்து ஷீட்டாவது அதே லாட்டில் சேர்த்து வாங்குங்கள். மறுபடி வாங்கும் லாட்டுக்கு மறுபடி பிட்ச் டெஸ்ட்.

கட்டிங் மெஷினில் கிளாம்ப் அழுத்தம் லென்ஸ் முகடுகளை நசுக்கி, கார்டின் ஓரத்தில் மங்கலான கோடாக விட்டுவிடும். அழுத்தத்தைக் குறைத்து, மேலே ஒரு மெத்தென்ற அட்டை வைத்து, ஒரு வெட்டுக்கு ஐந்தாறு ஷீட்டுக்கு மேல் வைக்காமல் வெட்டுங்கள். கத்தி அப்போதுதான் சாணை பிடித்ததாக இருக்கட்டும். மழுங்கிய கத்தியில் ஓரம் வெள்ளையாகப் பொரிந்துவிடும்.